மெஷின் ஸ்க்ரூவும் அதற்கான நட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரேடியோ, தையல் இயந்திரம், கணினிப் பெட்டி, மின்விசிறி என்று எதைப் பிரித்தாலும் மேசையில் சிதறுவது சின்னச் சின்ன ஸ்க்ரூவும் நட்டும்தான். ஸ்க்ரூவை நீளம், தலை, தடிமன் எல்லாம் பார்த்து வாங்குகிறவர்கள்கூட நட்டு விஷயத்தில் "பொருந்தினால் சரி" என்று விட்டுவிடுகிறார்கள். மரை போய் என் கைக்கு வந்த சாமான்கள் பலவற்றில் கோளாறு அங்கேதான் தொடங்கியிருந்தது. என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மெஷின் ஸ்க்ரூ என்பது எது? எல்லா ஸ்க்ரூவிலும் நட்டு மாட்டலாமா?

மாட்ட முடியாது. மரத்தில் போடும் ஸ்க்ரூ கீழே போகப் போகச் சிறுத்து, நுனி கூராக இருக்கும். தன் வழியைத் தானே அறுத்துக்கொண்டு இறங்கும். தகரத்தில் போடும் செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூவும் அப்படித்தான். மெஷின் ஸ்க்ரூ மேலிருந்து கீழ்வரை ஒரே தடிமன், நெருக்கமான மரை, மழுங்கிய நுனி. அதற்கு ஏற்கெனவே மரை வெட்டிய ஓர் இடம் வேண்டும்: டேப் (மரை வெட்டும் கருவி) போட்ட துளை, இல்லையென்றால் நட்டு.

மெஷின் ஸ்க்ரூவுக்கும் போல்ட்டுக்கும் நடுவே கறாரான கோடு கிடையாது. சுமார் 6 மி.மீ. வரையிலான சிறியவற்றை, தலையில் ஸ்க்ரூடிரைவர் போட வெட்டு உள்ளவற்றை, பொதுவாக மெஷின் ஸ்க்ரூ என்கிறோம்.

நட்டு எதனால் பிடித்து நிற்கிறது?

இதை ஒருமுறை மனதில் வாங்கிக்கொண்டால் மற்ற கேள்விகள் பாதி தீர்ந்துவிடும். நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூ மிக நுண்ணிய அளவு நீள்கிறது. எஃகுக்கும் ரப்பர் போல மீள்தன்மை உண்டு. இழுத்தால் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். அந்த இழுப்புதான் நடுவில் இருக்கும் இரண்டு பொருட்களையும் நெருக்கிப் பிடிக்கிறது. அந்த நெருக்கத்தால் வரும் உராய்வுதான் நட்டையும் கழலாமல் வைத்திருக்கிறது. 8.8 தரமுள்ள (எஃகின் வலிமையைச் சொல்லும் எண் அது) ஓர் எம்3 ஸ்க்ரூவை முறையாக இறுக்கினால், அந்த 3 மி.மீ. கம்பிக்குள் ஏறக்குறைய 200 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமமான இழுவிசை இருக்கும்.

நட்டுக்குள் உள்ள மரைகள் இந்தச் சுமையைச் சமமாகப் பங்கு போட்டுக்கொள்வதில்லை. பொருளை ஒட்டிய முதல் மரையே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைச் சுமக்கிறது. அடுத்தடுத்த மரைகளுக்குப் போகப் போகச் சுமை குறைகிறது. அதனால் நட்டை இரண்டு மடங்கு உயரமாக்கினாலும் பிடிப்பு இரண்டு மடங்காகாது. வழக்கமான நட்டின் உயரம் ஸ்க்ரூவின் விட்டத்தில் 0.8 பங்கு அளவில் இருக்கும். அளவுக்கு மீறி இறுக்கினால் மரை உரிவதற்கு முன்னால் ஸ்க்ரூ அறுபட வேண்டும் என்பது அதன் கணக்கு. அறுந்த ஸ்க்ரூ உடனே கண்ணில் படும். பாதி உரிந்த மரை யாருக்கும் தெரியாமல் உள்ளே இருந்துகொண்டு, வேண்டாத நேரத்தில் விட்டுவிடும்.

எம்3, எம்4 என்ற எண்களுக்கு என்ன பொருள்?

எம் என்பது மெட்ரிக். அடுத்து வரும் எண் ஸ்க்ரூவின் வெளி விட்டம், மி.மீ. கணக்கில். ஆனால் விட்டம் மட்டும் போதாது. ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளியான பிட்ச்சும் சேர வேண்டும். வழக்கமான பிட்ச் எம்2க்கு 0.4 மி.மீ., எம்2.5க்கு 0.45, எம்3க்கு 0.5, எம்4க்கு 0.7, எம்5க்கு 0.8, எம்6க்கு 1 மி.மீ.

ஸ்பேனர் அளவு வேறு கணக்கு. அது நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே உள்ள அகலம். எம்3 நட்டுக்கு 5.5 மி.மீ. ஸ்பேனர், எம்4க்கு 7, எம்5க்கு 8, எம்6க்கு 10. "10 நம்பர் நட்டு" என்று ஒருவர் கேட்டால் அவர் ஸ்பேனரைச் சொல்கிறாரா மரையைச் சொல்கிறாரா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. இந்தக் குழப்பத்தால் எம்10 நட்டு வாங்கி வந்து திரும்பிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

6-32, 10-24 என்று போட்டிருக்கிறதே, அது என்ன?

அமெரிக்க அங்குல முறை. முதல் எண் விட்டத்தைக் குறிக்கும் வரிசை எண், இரண்டாவது ஓர் அங்குலத்தில் உள்ள மரைகளின் எண்ணிக்கை. வரிசை எண்ணை விட்டமாக மாற்றுவது எளிது: எண்ணை 0.013ஆல் பெருக்கி 0.060 கூட்டினால் அங்குலத்தில் விடை வரும். நம்பர் 6 என்றால் 0.138 அங்குலம், அதாவது 3.5 மி.மீ. கால் அங்குலத்திலிருந்து நேரடியாக அங்குலத்தையே சொல்வார்கள். கேமரா முக்காலியின் தலையில் இருப்பது 1/4-20.

ஒரு காலத்தில் எந்த நட்டு எந்த போல்ட்டுக்குச் செய்யப்பட்டதோ அதற்கு மட்டுமே பொருந்தும். இரண்டையும் கட்டியே வைக்க வேண்டும். பிரிட்டனில் ஜோசப் விட்வொர்த் 1841இல் 55 பாகை கோணத்தில் ஒரு பொது மரையை முன்வைத்தார். அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864இல் 60 பாகை மரையை முன்வைத்தார். இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் உதிரிபாகங்கள் ஒன்றோடொன்று சேராமல் பட்ட பாடுதான் 1948இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் ஒரே மரைக்கு ஒப்புக்கொள்ளக் காரணம். மெட்ரிக் தனி வழியாக வளர்ந்தது. அதனால்தான் இன்றைக்கும் ஒரே கணினிப் பெட்டிக்குள் 6-32 ஸ்க்ரூவும் எம்3 ஸ்க்ரூவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

இரண்டு முறையையும் கலந்தால் என்ன ஆகும்?

ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொரு விதம். எம்3 நட்டில் 4-40 ஸ்க்ரூவைப் போட்டால் ஒன்றிரண்டு சுற்றில் சிக்கும், ஏனென்றால் பிட்ச் 0.5க்கு எதிரே 0.635. சிக்குவது நல்லதுதான், தப்பு என்று உடனே தெரிந்துவிடுகிறது. அந்த இடத்தில் ஸ்பேனரை எடுத்துத் திருப்பினால்தான் இரண்டும் பாழாகும்.

எனக்குக் கவலை தருவது சிக்காத ஜோடி. 10-32 ஸ்க்ரூவின் விட்டம் 4.83 மி.மீ., பிட்ச் 0.794. எம்5 நட்டின் பிட்ச் 0.8. பிட்ச் ஏறக்குறைய ஒன்றே என்பதால் அந்த ஸ்க்ரூ எம்5 நட்டுக்குள் வழுக்கிக்கொண்டு போகும், "ஆஹா, சேர்ந்துவிட்டது" என்று தோன்றும். ஆனால் மரைகள் நுனியில் மட்டும்தான் கவ்வியிருக்கும். இறுக்கினால் உரியும். மாட்டிய பிறகு நட்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். சரியான ஜோடியிலும் துளி ஆட்டம் உண்டு. கண்ணுக்குத் தெரியும்படி லொடலொடவென்று ஆடினால் அது தப்பான ஜோடி.

பழைய மீட்டர்கள், அளவுக் கருவிகளில் பி.ஏ. என்ற பிரிட்டிஷ் மரை வரும். அதன் கோணம் 47.5 பாகை. 0 பி.ஏ.யின் விட்டம் 6 மி.மீ., பிட்ச் 1 மி.மீ.; எம்6உம் அதேதான். அளந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது, கோணம் மட்டும்தான் வேறு. பழைய கருவியைப் பிரிக்கும்போது நட்டுகளை அவற்றின் ஸ்க்ரூவிலேயே திரும்ப மாட்டி வைப்பதுதான் பத்திரம்.

கையில் ஸ்க்ரூ மட்டும் இருக்கிறது. எந்த நட்டு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வெர்னியரில் வெளி விட்டத்தை அளக்க வேண்டும். எம்3 ஸ்க்ரூ சரியாக 3 மி.மீ. காட்டாது, 2.9 சொச்சம் காட்டும். மரை உள்ளே போக அந்த இடம் விட்டிருக்கிறார்கள். அப்புறம் பிட்ச். பிட்ச் கேஜ் இல்லையென்றால் பத்து மரைகளின் நீளத்தை அளந்து பத்தால் வகுத்தால் போதும். பத்து மரை 5 மி.மீ. என்றால் பிட்ச் 0.5. ஒரே ஒரு மரையை அளக்க முயன்றால் கட்டாயம் தப்பும்.

வெர்னியரும் இல்லையா? என்ன அளவென்று தெரிந்த ஒரு ஸ்க்ரூவை இதோடு பக்கவாட்டில் ஒட்டி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். பல்லோடு பல் முழு நீளத்துக்கும் இடுக்கின்றி உட்கார்ந்தால் பிட்ச் ஒன்றுதான்.

கையால் எவ்வளவு தூரம் சுற்ற வேண்டும்?

குறைந்தது மூன்று சுற்று விரலால் போக வேண்டும். நைலாக் (உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு) தவிர எந்த நட்டுக்கும் இதை நான் விட்டுக்கொடுப்பதில்லை. முதல் சுற்றிலேயே ஸ்பேனர் கேட்கிறது என்றால் மரை மாறியிருக்கிறது, அல்லது நட்டு கோணலாக ஏறியிருக்கிறது, அல்லது அழுக்கு இருக்கிறது.

கோணலாக ஏறாமல் இருக்க ஒரு வழி உண்டு. நட்டை வைத்து, முதலில் கழற்றும் திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். ஓர் இடத்தில் "டிக்" என்று சின்னதாக உள்ளே விழுவது விரலுக்குத் தெரியும். இரண்டு மரைகளின் தொடக்கமும் சந்தித்த இடம் அது. அங்கிருந்து முன்னால் சுற்றினால் நேராக ஏறும். பித்தளை, அலுமினியம், பிளாஸ்டிக் மரைகளில் இந்தப் பழக்கம் பல துளைகளைக் காப்பாற்றும்.

நட்டின் எந்தப் பக்கம் உள்ளே வர வேண்டும்?

இரண்டு பக்கமும் ஓரம் சாய்த்து வெட்டியிருந்தால் எப்படியும் போடலாம். ஒரு பக்கம் தட்டையாகவோ வட்டமான மெல்லிய மேடையோடோ இருந்தால் அந்தப் பக்கம் பொருளைப் பார்க்க வேண்டும். நைலாக்கில் நைலான் வளையம் வெளிப்பக்கம். பல் வாஷரோடு சேர்ந்தே வரும் நட்டில் பற்கள் உள்பக்கம். அவை பெயின்ட்டைக் கீறி உலோகத்தைத் தொடுவதால் எர்த் இணைப்புக்கு நல்லது.

இறுக்கிய நட்டு ஏன் தானாகக் கழல்கிறது? ஸ்பிரிங் வாஷர் போட்டால் போதாதா?

இழுப்பு குறைவதுதான் தொடக்கம். நடுவில் ரப்பரோ பிளாஸ்டிக்கோ தடித்த பெயின்ட்டோ இருந்தால் நாளடைவில் அமுங்கிவிடும். ஸ்க்ரூ நீண்டிருந்தது சுருங்கிவிடும், இழுப்பு போய்விடும். அப்புறம் அதிர்வு. 1969இல் ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் ஒன்றைச் சோதித்துக் காட்டினார்: ஸ்க்ரூவின் நீளவாக்கில் வரும் அதிர்வைவிட, இணைத்த பொருட்கள் பக்கவாட்டில் ஒன்றின்மேல் ஒன்று நழுவும்போதுதான் நட்டு வேகமாகக் கழல்கிறது. பக்கவாட்டில் நழுவும் அந்தக் கணத்தில் மரையின் உராய்வு விட்டுப்போகிறது; சாய்வான மரையில் நட்டு தானே கீழிறங்குகிறது.

இந்தச் சோதனையில் சாதாரண ஸ்பிரிங் வாஷர் பெரிதாக எதையும் தடுப்பதில்லை. முழுதாக இறுக்கியதும் அது தட்டையாகி வெறும் வாஷராக ஆகிவிடுகிறது. அதைத் தட்டையாக்கத் தேவைப்படும் விசை, ஸ்க்ரூவின் இழுப்போடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. ஸ்பிரிங் வாஷரை நம்பி அதிரும் இடத்தில் ஒரு பொருளை விடாதீர்கள் என்று அழுத்தியே சொல்வேன்.

முதல் மருந்து போதுமான இறுக்கம். பொருட்கள் நழுவவே இடம் கொடுக்காத அளவு நெருக்கிப் பிடித்திருந்தால் கழலும் பேச்சே இல்லை. அது முடியாத இடங்களுக்கு நைலாக், செக் நட்டு (ஒன்றின்மேல் ஒன்றாக இறுக்கும் இரட்டை நட்டு), மரைப் பசை.

நைலாக் நட்டு எப்படி வேலை செய்கிறது? கழற்றி மறுபடி போடலாமா?

அதன் மேல் பகுதியில் மரை வெட்டாத நைலான் வளையம் இருக்கும். ஸ்க்ரூ அதை நெருக்கிக்கொண்டு நுழைவதால் வளையம் ஸ்க்ரூவை எப்போதும் கவ்விக்கொண்டிருக்கும். இங்கே ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். நைலாக் கழன்று விழாது. ஆனால் இழுப்பு குறையவே குறையாது என்று அது உறுதி தருவதில்லை. தளர்ந்த பிறகும் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். கீல் போல அசைய வேண்டிய இடத்தில், முழுதாக இறுக்காமல் விட வேண்டிய இடத்தில், அதுவே அதன் பெரிய நன்மை.

சுமார் 120 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாகும் இடத்தில் போடக் கூடாது. அங்கே முழுவதும் உலோகமான லாக் நட்டு வேண்டும். மறுபடி போடுவதைப் பொறுத்தவரை, நைலானுக்குள் ஸ்க்ரூ போன பிறகும் விரலாலேயே சுற்ற முடிந்தால் அதன் ஆயுள் முடிந்தது. உயிர் போகும் இடம் என்றால், பிரேக், கைப்பிடி, தூக்கும் சாமான் போன்றவற்றில், ஒவ்வொரு முறையும் புதிதுதான்.

செக் நட்டில் மெல்லிய நட்டு மேலேயா, கீழேயா?

கீழே, பொருளை ஒட்டி. பலரும் தலைகீழாகப் போடுகிறார்கள், தடித்தது முதலில் வந்தால்தான் பலம் என்று நினைத்து. மேல் நட்டைக் கீழ் நட்டின்மேல் இறுக்கும்போது, ஸ்க்ரூவின் இழுப்பை மேல் நட்டின் மரைகள் வாங்கிக்கொள்கின்றன. கீழ் நட்டின் மரைகளோ எதிர்ப்பக்கமாகத் தள்ளப்படுகின்றன. சுமப்பது மேலே இருப்பது என்பதால் தடித்தது மேலேதான் இருக்க வேண்டும். மெல்லியதை முதலில் மிதமாக இறுக்கி, அதை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, தடித்ததை முழுதாக இறுக்க வேண்டும். கீழே இருப்பதைப் பிடிக்காமல் இரண்டையும் சேர்த்துச் சுற்றினால் செக் நட்டு போட்டதாகவே ஆகாது.

மரைப் பசை?

நல்ல பொருள். காற்று இல்லாமல், உலோகத்தைத் தொட்டுக்கொண்டு இருந்தால்தான் அது இறுகும். எண்ணெய்ப் பசையைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டு போதும். நீலம் கைக்கருவியால் கழற்றக்கூடியது. சிவப்பைக் கழற்ற நன்றாகச் சூடாக்க வேண்டும், சின்ன ஸ்க்ரூவுக்கு அது வேண்டவே வேண்டாம். ஏ.பி.எஸ்., பாலிகார்பனேட் போன்ற பிளாஸ்டிக்கில் பட்டால் விரிசல் விடும். அங்கே நைலாக் போடுங்கள்.

எவ்வளவு இறுக்க வேண்டும்?

8.8 தர எஃகில், எண்ணெய் இடாத நிலையில், தோராயமாக எம்3க்கு 1.2 நியூட்டன் மீட்டர், எம்4க்கு 2.8, எம்5க்கு 5.5, எம்6க்கு 9.5. சாதாரணமாகக் கிடைக்கும் 4.8 தர மெஷின் ஸ்க்ரூ என்றால் அதில் பாதி. கையால் உணர வேண்டுமானால், 10 செ.மீ. நீள ஸ்பேனரின் நுனியில் 1.2 கிலோ எடை அளவு அழுத்தினாலே 8.8 எம்3க்குப் போதும். மோட்டார் வண்டி நட்டை இறுக்கிப் பழகிய கை இதை எளிதில் அறுத்துவிடும்.

நாம் தரும் முறுக்கில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இழுப்பாக மாறுகிறது. மீதி நட்டின் அடியிலும் மரையிலும் உராய்விலேயே போகிறது. அதனால் எண்ணெய் போட்ட மரையில் அதே முறுக்கு கொடுத்தால் இழுப்பு மிகவும் கூடிவிடும். எண்ணெய் போட்டால் கையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: ஸ்க்ரூவை ஸ்க்ரூடிரைவரால் அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டைத்தான் திருப்ப வேண்டும். தலையின் வெட்டு தேயாது, மேல்பரப்பும் கீறாது.

நட்டுக்கு வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கலாம்?

ஒன்று அல்லது இரண்டு மரை. ஸ்க்ரூவின் நுனி மரை முழுமையாக இருக்காது என்பதால் அது நட்டுக்குள் நின்றால் கணக்கில் சேராது. நைலாக்கில் நுனி நைலானைத் தாண்டி வெளியே தெரிந்தே ஆக வேண்டும். டோம் நட்டில் இதற்கு நேர் எதிர்: ஸ்க்ரூ நீளமாக இருந்தால் குவிமாடத்தின் கூரையில் முட்டி நின்றுவிடும். கைக்கு இறுகியது போலத் தோன்றும், பொருளோ தளர்ந்தே இருக்கும்.

எந்த உலோகம்?

ஸ்க்ரூ எதுவோ அதுவே நட்டும், பொதுவாக. 8.8 ஸ்க்ரூவுக்கு 8 என்று குறித்த நட்டு இணை. நட்டின் தரம் கீழே போகக் கூடாது. எம்5க்குக் கீழே நட்டுகளில் பெரும்பாலும் குறியே இருக்காது. மின் இணைப்புகளில் பித்தளை.

ஸ்டெயின்லெஸ் பற்றிக் கொஞ்சம் எச்சரிக்க வேண்டும். துருப்பிடிக்காது, அழகாக இருக்கும். ஆனால் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவில் ஸ்டெயின்லெஸ் நட்டை வேகமாக ஏற்றினால் மரைகள் உரசி ஒன்றோடொன்று பற்றவைத்தது போல் ஒட்டிக்கொள்ளும். பாதி வழியில் நின்றுவிட்டால் முன்னாலும் வராது, பின்னாலும் போகாது. வெட்டித்தான் எடுக்க வேண்டும். நைலாக் என்றால் சூடு கூடுதல், ஆபத்தும் கூடுதல். டிரில்லில் மாட்டிச் சுற்றாதீர்கள். துளி கிரீஸ் தடவி, கையால் நிதானமாக ஏற்றுங்கள்.

மெல்லிய தகட்டிலோ பிளாஸ்டிக்கிலோ நட்டை எப்படி நிறுத்துவது?

1 மி.மீ. தகட்டில் எம்4 மரை வெட்டினால் ஒன்றரை மரைகூடக் கிடைக்காது, பிடிக்காது. பின்பக்கம் கை நுழையும் என்றால் சாதாரண நட்டு. நுழையாது என்றால் தகட்டிலேயே பதிந்து நிற்கும் ரிவெட் நட்டு, வெல்ட் நட்டு, அல்லது சட்டத்தின் சதுரத் துளையில் கவ்வும் கேஜ் நட்டு. 3டி அச்சுப் பொருட்களில் மெல்லிய சதுர நட்டுக்கு ஒரு பிளவு விட்டுவிடுவது எனக்குப் பிடித்த வழி: எம்3 என்றால் 5.5 மி.மீ. சதுரம், 1.8 மி.மீ. தடிமன். பக்கவாட்டில் செருகினால் போதும், சுற்றாமல் நிற்கும்.

ஸ்க்ரூ நீளமாக இருக்கிறது. வெட்டலாமா?

தாராளமாக. வெட்டுவதற்கு முன் ஒரு நட்டை ஸ்க்ரூவில் தலைவரை ஏற்றிவிடுங்கள். வெட்டி, நுனியை அரத்தால் லேசாகச் சாய்த்துத் தேய்த்து, பிறகு நட்டைக் கழற்றினால் நசுங்கிய மரையை அதுவே சீர் செய்துகொண்டு வெளியே வரும். நட்டு போடாமல் வெட்டிவிட்டு, அப்புறம் நுழையவில்லை என்று திண்டாடுவது எல்லோரும் ஒருமுறை செய்யும் தவறு.

துருப்பிடித்த, முனை மழுங்கிய நட்டை எப்படி எடுப்பது?

கட்டிங் பிளேயரை எடுக்காதீர்கள். மிச்சமிருக்கும் முனைகளும் போய்விடும். துரு இளக்கும் எண்ணெயைவிட்டு ஓர் இரவு ஊற விடுங்கள். ஆறு பக்கமும் பிடிக்கும் ரிங் ஸ்பேனரால் முதலில் இறுக்கும் பக்கம் இம்மியளவு திருப்புங்கள். துருவின் பிடி விடுபடும். அப்புறம் கழற்றுங்கள், சிக்கினால் திரும்பவும் கொஞ்சம் இறுக்கி, மறுபடி கழற்றுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால், பக்கத்தில் தீப்பிடிக்கும் பொருளோ பிளாஸ்டிக்கோ இல்லாத இடத்தில், எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு, நட்டை மட்டும் சூடாக்கலாம்.

கடைசி வழி, நட்டின் ஒரு பக்கத்தை ஸ்க்ரூவுக்கு இணையாக ஹாக்சாவால் அறுப்பது. மரையைத் தொடுவதற்கு ஒரு மயிரிழை முன்னால் நிறுத்தி, அந்தப் பிளவில் உளியை வைத்துத் திருகினால் நட்டு விரிந்து கையோடு வந்துவிடும். ஸ்க்ரூவின் மரை தப்பியிருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, அதிலேயே புது நட்டை மாட்டலாம்.